தண்ணீர் குடிக்காத ரேஞ்சர்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சிட்டு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முதுகுவலியும் தையல் மிஷினும் சமாதானமாகிவிட்டனவா?

இங்கே போன் எடுக்காது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி ஒற்றைக்காலில் நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் என்கிறார்கள். புதிதாக வந்த ரேஞ்சர் முதல் வாரமே அப்படி நின்றால் மரியாதை என்னாவது? அதனால்தான் கடிதம்.

ஸ்டேஷன் என்றால் தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். சுவர் முழுக்கக் காட்டின் வரைபடம். மூலையில் தீயை அடித்து அணைக்கிற நீளக் கட்டைகள். நான் தங்கும் வீடு மலைக்குக் கீழே. காலையில் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவேன். இந்தக் காட்டுக்குப் பெண் ரேஞ்சர் வருவது இதுதான் முதல் தடவை. காவலர்களில் இரண்டு பெண்கள் எனக்கு முன்பே வந்திருக்கிறார்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி எல்லோருக்கும் பெரியக்கா.

மூத்த வனவர் ஒருவர் இருக்கிறார். என் வயது எவ்வளவோ அவ்வளவு சர்வீஸ். என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "எஸ் சார்" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "எஸ் மேடம் சார்" என்றார். நான் சிரிக்கவில்லை. மிகவும் கஷ்டப்பட்டுச் சிரிக்கவில்லை.

காலையில் ரோந்து கிளம்பினால் வீடு திரும்பிய பிறகுதான் தண்ணீரே குடிக்கிறேன். பாட்டில் சுமை இல்லை, நடை சுகமாக இருக்கிறது.

இத்துடன் என் சீருடைக் கால்சட்டைகளை அனுப்பியிருக்கிறேன். ஆண்களுக்கு வெட்டிய துணி. உள்ளே என்னைப்போல இன்னொருத்தியைக் குடிவைக்கலாம். பெல்ட்டை இறுக்கினால் இடுப்பைச் சுற்றித் துணி முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டுகொள்கிறது. ஏதாவது செய்யுங்கள்.

அண்ணன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா?

உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
சிட்டு


ஜனவரி 19

என் செல்லச் சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இருவரும் நன்றாக இருக்கிறோம். முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதனோடு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

கால்சட்டையைப் பிரித்துப் பார்த்தேன். இதை வெட்டியவன் பெண் என்று ஒரு பிறவி உண்டு என்று கேள்விப்பட்டதே இல்லை போல. இடுப்பைக் குறைத்து, பின்பக்கம் இடம் விட்டு, முட்டியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, வேலி தாண்டி, அப்புறம் சொல்.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். உன் அண்ணன் எதிரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. முடித்ததும், "ஆபீஸ்ல உக்கார்ற வேலை எவ்வளவோ இருக்கு. இவளுக்கு மட்டும் காடு கேக்குது" என்றார். அவருக்குப் பயம். பயம் என்று சொல்லத் தெரியாமல் கோபம் என்று சொல்கிறார்.

அது என்ன, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடப்பது? பாட்டிலில் அப்படி என்ன பெரிய சுமை? இதற்குப் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 6

அன்பு அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கால்சட்டை வந்தது! போட்டேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், வேலி தாண்டினேன். நெட்டை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "மேடம், உங்க அண்ணி எனக்கும் அண்ணியா வருவாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அண்ணன் இல்லையாம். அதனால் என்ன, அண்ணி மட்டும் போதுமாம்.

கோடை தொடங்குமுன் தீக்கோடு வெட்டுகிறோம். காட்டின் ஊடே புல்லையும் சருகையும் அகற்றி வெறுந்தரையாக ஒரு பாதை விட்டால், ஒரு பக்கம் பிடித்த தீ மறுபக்கம் தாண்டாது. மூத்த வனவர் என்னிடம், "நீங்க ஆபீஸ்லயே இருங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கரிசனமாகத்தான் சொன்னார். கேலி என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கரிசனத்துக்கு என்ன பதில் சொல்வது? அரிவாளை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.

டிரைவர் அண்ணன் நல்ல மனிதர். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி, "என்ஜின் சூடாயிடுச்சு" என்று புதருக்குப் பின்னால் போய்விடுவார். நானும் நெட்டையும் பெரியக்காவும் ஜீப்பிலேயே உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம்.

பறவைகள் நிறைய. எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
சிட்டு


பிப்ரவரி 17

அன்புள்ள சிட்டு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நெட்டையின் அளவை அனுப்பச் சொல். அண்ணி என்று கூப்பிட்டவளுக்குத் தைக்காமல் இருக்க முடியுமா?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

உன் அண்ணன் நீ எங்கே இருக்கிறாய் என்று வரைபடத்தில் தேடினார். கண்டுபிடித்ததை என்னிடம் சொல்லவில்லை. வரைபடத்தில் அந்த இடம் அழுக்காகியிருந்தது, அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர். மறந்துவிடாதே.

அண்ணி


மார்ச் 20

அன்பு அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபம் வேண்டாம். தீப்பருவம், வேலை அதிகம். சின்னதாக ஒரு காய்ச்சல் வந்தது, இப்போது பரவாயில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


மார்ச் 25

சிட்டு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். உன் அண்ணனுக்கே இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்கு முன் நான் தையல் கம்பெனியில் வேலை பார்த்தேன் அல்லவா? எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு மரவில்லைதான் அனுமதிச் சீட்டு, ஆணியில் தொங்கும். அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். அதை எடுக்க எழுந்தால் சூப்பர்வைசர் எல்லோர் காதிலும் விழும்படி, "மறுபடியுமா?" என்பான். நான் காலையில் டம்ளரைத் தொடுவதையே நிறுத்தினேன். பழகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் அடிவயிற்றில் கத்தரியை வைத்துத் திருகியது போல வலித்தது. டாக்டரிடம்கூட, "சாப்பாடு ஒத்துக்கலை" என்று பொய் சொன்னேன்.

இப்போது கேட்கிறேன், பதில் சொல். உன் ஸ்டேஷனில் பெண்கள் போக இடம் இருக்கிறதா, இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 4

அன்பான அண்ணிக்கு,

இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதேன். நர்ஸ் வந்து யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு தேவலாம். உண்மையாகவே தேவலாம்.

ஆண்களுக்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சுவர் உண்டு, அதுவே போதும். எங்களுக்கு ஒன்றுமில்லை. காட்டுக்குள் போகலாமே என்பீர்கள். தீக்கோட்டில் நாங்கள் எல்லோரும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும், அதுதான் பாதுகாப்பு. "எங்கே போறீங்க மேடம்?" என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? நான் வந்த வாரமே மூத்த வனவர், "ஸ்டேஷனுக்கு என்ன வேணும் மேடம்? எழுதிப் போட்டுடலாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் அத்தனை ஆண்கள். "ஒரு சுவர்க் கடிகாரம்" என்றேன். கடிகாரம் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது.

மேற்குச் சரிவில் தீ பிடித்தது. காலை முதல் அடித்து அணைத்தோம். கோட்டைத் தாண்டவிடவில்லை அண்ணி, ஓரிடத்தில்கூட விடவில்லை. புகை அடங்கிய பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நினைவு. சிறுநீரகம்வரை கிருமி ஏறிவிட்டதாம். டாக்டர் ஒரு அம்மா. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?" என்று கேட்டார். நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் ஆபீசுக்கு நான் எழுதிக் கொடுத்தது 'காய்ச்சல்' என்றுதான். அதில்தான் வினை. பெரிய அதிகாரி நல்ல மனிதர். பெண் ஒருத்தி தீயில் மயங்கி விழுந்தாள் என்று கேட்டதும் பதறிப்போய் ஒரு உத்தரவு தயாரித்துவிட்டார். இனிமேல் இந்தக் கோட்டத்தில் எந்தப் பெண்ணும் தீக்கோட்டுக்குப் போக வேண்டாம். எல்லோருக்கும் ஆபீஸ் அல்லது நாற்றுப்பண்ணை. 'பெண்களின் நலன் கருதி' என்று தொடங்குகிறது. தீப்பருவ சர்வீஸ் இல்லாமல் எங்களில் யாருக்கும் பதவி உயர்வு கிடையாது. நெட்டை ஆசையோடு வேலைக்கு வந்தவள். என்னைப் பார்க்காமல் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இருபத்தேழாம் தேதி கூட்டம் வைத்திருக்கிறார். அங்கே எழுந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு. அத்தனை ஆண்களுக்கு நடுவே அந்த வார்த்தையை எப்படிச் சொல்வேன்? இந்த ஊரில் என் பெயரே அதுவாகிவிடாதா?

சிட்டு


ஏப்ரல் 10

என் தங்கத்துக்கு,

தண்ணீர் குடித்தாயா? குடித்துவிட்டு மேலே படி.

உன் பெயர் அதுவாகத்தான் ஆகும். கொஞ்ச நாள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அன்று சொல்லாமல் இருந்தேன், என் பெயர் கெடவில்லை. எனக்குப் பிறகு என் மிஷினில் உட்கார்ந்தவளுக்கும் அதே மரவில்லைதான் மாட்டினார்கள். வேறு என்ன சொல்ல?

பேசும்போது கால் நடுங்கினால் மேஜையைப் பிடித்துக்கொள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

உன் கடிதம் வந்தபோது உன் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். இந்த முறை நான் படிக்கவில்லை, அவரிடமே கொடுத்தேன். படித்தார். மாடிக்குப் போய்ப் பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். கூட்டத்துக்கு முதல் நாள் பஸ்ஸில் அங்கே வருகிறார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வந்ததும் முதலில் சாப்பிட வை. பசியில் அவர் வேறு ஆள்.

அண்ணி


ஏப்ரல் 28

அன்பும் வணக்கமும் அண்ணிக்கு,

நீங்கள் நலம்தானே? அண்ணன் இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார். ஆனால் அவர் வாயில் இருந்து எதுவும் வராது என்று தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினார். அந்தப் பெட்டியை ஒரு விரலால் தூக்கி வந்தார். அவ்வளவு லேசு, உள்ளே ஒரு சட்டை, ஒரு துண்டு. யாருடைய சாமான்களுக்காகக் கொண்டுவந்தார் என்று கேட்கத் தேவையில்லை. நான் கேட்கவில்லை. சாப்பிட வைத்தேன்.

மறுநாள் கோட்ட அலுவலகத்துக்கு என்னோடு வந்தார். வராந்தா பெஞ்சில் பெட்டியும் அவரும். உள்ளே நீள மேஜை, தலைக்கு மேலே மின்விசிறி. பெரிய அதிகாரி உத்தரவைப் படித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், எனக்கு உடம்புக்கு வந்தது தீயால இல்ல."

"பின்னே?"

"ஒண்ணுக்குப் போக இடம் இல்லாததால வந்துச்சு."

ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். நான் நிறுத்தவில்லை. காலையில் தண்ணீர் குடிப்பதில்லை, நாங்கள் யாருமே குடிப்பதில்லை, தீயின் பக்கத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வெறும் வாயோடு திரும்புகிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "எங்களைத் தீயிலிருந்து காப்பாத்த வேணாம் சார். ஒரு கதவும் தாழ்ப்பாளும் குடுங்க, போதும்" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

பெரிய அதிகாரி பாவம், காது வரை சிவந்துவிட்டார். மூத்த வனவர் பக்கம் திரும்பி, "அன்னிக்கு என்ன நடந்தது?" என்றார். அவர் எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஆதரவாகப் பேசவும் இல்லை. நடந்ததைச் சொன்னார். "மேடம் விழுந்தது தீ அணைஞ்ச பிறகு சார். அதுக்கு முன்னாடி விழல. கோடு தாண்டல." உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். "நான் என்ன வேணும்னு கேட்டேன் சார். கடிகாரம்னாங்க. எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். ஸ்டேஷன்ல ஏற்கெனவே ரெண்டு கடிகாரம் இருந்துச்சு."

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வாசலில் வரைபடச் சுருளோடு நின்ற டிரைவர் அண்ணன், யாரும் கேட்காமலேயே கையைத் தூக்கினார். "சார், எனக்குச் சர்க்கரை. என்ஜின் ஒண்ணும் சூடாகறதில்ல. கட்டினா எங்களுக்கும் சேர்த்துக் கட்டுங்க." அறையே சிரித்தது. என்னைப் பார்த்தல்ல. நானும் சிரித்தேன். பெரிய அதிகாரி உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யோசிக்கறேன்" என்றார்.

வெளியே வந்தால் அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பஸ் நிற்கும் இடம்வரை இருவரும் நடந்தோம்.

"இவ்ளோ நாளா என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையை விடுன்னுதானே சொல்லுவே?"

"ஆமா. சொல்லுவேன்." பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, "இப்பவும் வாய்ல அதுதான் வருது. அடக்கிட்டு நிக்கறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு பிடித்ததே இல்லை. அதற்குள் நெட்டை மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தபடி, கூட்டத்துக்கு வந்த மற்ற ஸ்டேஷன் பெண்கள் எல்லோரும் மாற்றுக் கால்சட்டைகளை அவளிடம் கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டுக் குத்தி. அண்ணன் அந்தக் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து கீழே வைத்தார்.

போகும்போது அதை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் குடிக்கிறேன். சத்தியமாக.

உங்கள்,
சிட்டு


மே 9

என் சிட்டுக்குருவிக்கு,

நலம். முதுகு போயேவிட்டது, காரணம் நீ.

உன் அண்ணன் பெட்டியை என் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். "என்ன இது?" என்றேன். "ஆர்டர்" என்றார். சாயந்திரம் பக்கத்துக் கடைக்காரரிடம், "என் தங்கச்சி அத்தனை ஆபீசருங்க முன்னாடி எழுந்து என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அந்தச் சொல் வரும் இடத்தில் நின்றுவிட்டார். இருமினார். "அதாவது... ஒரு கட்டடம் வேணும்னு கேட்டா" என்று முடித்தார். மறுநாள் வேறொருவரிடம் ஆரம்பித்தார். அங்கேயும் அதே இடத்தில் இருமல். ஒருநாள் இருமாமல் சொல்லிவிடுவார், பொறு.

நான் அவரிடம் மரவில்லைக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தாகமே இல்லை. குடித்தேன்.

கால்சட்டைகள் ஒவ்வொன்றாக வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

அன்போடு,
அண்ணி


அக்டோபர் 14

அன்பு நிறைந்த அண்ணிக்கு,

மழை பிடித்துவிட்டது, காடு பச்சையாக இருக்கிறது, நானும் தெம்பாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படித்தானே?

செய்தியை எழுதத் தாமதித்ததற்குக் காரணம், எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். முழுதாக எதுவும் முடியாது என்று இப்போது புரிந்தது. பழைய உத்தரவு போய்விட்டது. தீக்கோட்டுக்குப் போவதா, ஆபீஸில் இருப்பதா என்பதை அவரவரே சொல்லலாம். எங்கள் ஸ்டேஷனில் கட்டிவிட்டார்கள், ஆண்களுக்கும் சேர்த்து. வேறொரு ஸ்டேஷனில் கட்டிவிட்டுப் பூட்டுப் போட்டு, சாவியை வனவர் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாராம். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி எழுந்து பேசப் போகிறேன். இப்போது நான் எழுந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார்.

பெரியக்கா நாற்றுப்பண்ணை கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, இதற்காகவா அத்தனை பேசினேன் என்று. முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் பண்ணைக்குப் போய்ப் பார்த்தேன். "எனக்குத் தீன்னா பயம் மேடம். முதல்லயிருந்தே பயம். சொல்ல ஒரு வழி கிடைச்சுது, சொல்லிட்டேன்" என்றாள். கன்றுகளுக்கு நடுவே நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன். நெட்டை வரும் கோடைக்குத் தனிக்குழுவுக்குத் தலைமை தாங்கப் போகிறாள். இப்போதே யாரிடமும் நேராகப் பேசுவதில்லை, உத்தரவுதான் போடுகிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. புதிதாக இரண்டு பெண் காவலர்கள் வேலைக்குச் சேர வந்தார்கள். மலைப் பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்தவர்கள். நாங்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றோம், மூத்த வனவர், டிரைவர் அண்ணன், மற்ற ஆண்கள் எல்லோரும். முதலில் இறங்கியவள் சின்னப் பெண், சல்யூட்கூட அடிக்கவில்லை. பையை என் காலடியில் போட்டுவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்:

"மேடம், பாத்ரூம் எங்க? ரொம்ப அவசரம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் வேறு பக்கம் திரும்பவில்லை. மூத்த வனவர் மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பக்கம்மா. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கிப் போடு" என்றார்.

அவள் ஓடினாள்.

உங்களை நினைத்துக்கொண்டேன்.

உங்கள்,
சிட்டு